திரும்பி வரும் லைப்போசார்கோமா: சிகிச்சையும் நோயின் போக்கும்

உடலின் உறுப்புகளைத் தாங்கியும் இணைத்தும் நிற்கும் கொழுப்பு, தசை, நார்த்திசு, நரம்புறை, இரத்தக்குழாய்ச் சுவர் ஆகியவை மென்திசுக்கள் எனப்படும்; அவற்றில் எழும் புற்றுநோய்க்குச் சார்கோமா என்று பெயர். மார்பகம், வாய், கருப்பைவாய், குடல் ஆகிய உறுப்புகளின் உள்வரிச் செல்களில் தொடங்கும் புற்றுநோய்களோடு ஒப்பிட்டால் இது மிக அரிது. பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று மட்டுமே சார்கோமா. அந்த ஒரு பங்குக்குள்ளும் உலகச் சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு எழுபதுக்கும் மேற்பட்ட வகைகளைப் பிரித்துக் காட்டுவதால், ஒரு வகைக்குச் சொன்ன சிகிச்சை இன்னொன்றுக்குப் பொருந்தாமல் போவதும், ஒன்றின் புள்ளிவிவரம் மற்றொன்றின் நோயாளியை வீணாக அச்சுறுத்துவதும் அடிக்கடி நிகழ்கின்றன. எனவே இவ்வுரை கொழுப்புத் திசுவில் எழும் லைப்போசார்கோமா என்னும் ஒரு வகையை மட்டும் எடுத்துக்கொண்டு, முதல் சிகிச்சைக்குப் பின் அது திரும்பி வரும்போது மருத்துவம் என்ன செய்ய முடிகிறது, எதைச் செய்யாமல் இருப்பது நல்லது, நோயின் போக்கை எதைக் கொண்டு கணிக்க முடிகிறது என்பவற்றை ஆராய்கிறது.

சார்கோமா ஏன் திரும்புகிறது என்பதற்கான முதல் விடை அதன் வளர்ச்சி முறையில் இருக்கிறது. கட்டி பெருகும்போது சுற்றியுள்ள இயல்பான திசுவை நெருக்கித் தள்ளுவதால், பார்வைக்கு உறை போலத் தோன்றும் ஓர் அடுக்கு அதைச் சூழ்ந்து உருவாகிறது. அறுவை செய்பவரின் விரலுக்கு அது எளிதில் பிரிந்து வரும் நல்ல எல்லையாகத் தோன்றினாலும், உண்மையில் அந்த அடுக்குக்குள்ளும் அதற்கு அப்பாலும் புற்றுச் செல்கள் சிதறிக் கிடக்கின்றன. கொழுப்புக் கட்டிதானே என்று எண்ணி, ஸ்கேனும் திசுப் பரிசோதனையும் இல்லாமல் உறையோடு உரித்தெடுக்கப்பட்ட கட்டி, சில மாதங்களில் அதே இடத்தில் எழுவதற்கு இதுவே காரணம். ஆகவே கட்டியைச் சுற்றிலும் நோயற்ற திசுவின் ஒரு விளிம்பையும் சேர்த்து எடுப்பதே சார்கோமா அறுவையின் அடிப்படை விதி.

இந்த விதியைத் தொடையில் கடைப்பிடிக்க முடியும். வயிற்றின் பின்னறையில் பெரும்பாலும் முடியாது. பின்னறை என்பது குடலைப் போர்த்தியிருக்கும் வயிற்றுறைக்குப் பின்னாலும் முதுகெலும்புக்கு முன்னாலும் உள்ள இடம். சிறுநீரகங்களும் கணையமும் உடலின் மிகப் பெரிய இரத்தக்குழாய்களும் அங்கே நெருங்கிக் கிடக்கின்றன. அங்கு வளரும் லைப்போசார்கோமா, இடம் தாராளமாக இருப்பதால் வலியோ அடைப்போ இல்லாமல் இருபது, முப்பது சென்டிமீட்டர் அளவுக்குப் பெருத்த பிறகே பலருக்கும் தெரியவருகிறது. அத்தனை பெரிய கட்டியின் எல்லாப் பக்கங்களிலும் நல்ல திசு விளிம்பை எடுப்பதற்கு உடற்கூறு இடம் தருவதில்லை. தொடையில் கிடைக்கும் வெற்றி வயிற்றில் கிடைக்காததற்குத் திறமைக் குறைவைவிட இந்த இடநெருக்கடியே முதன்மையான காரணம். நோயாளியின் குடும்பத்துக்கு இது முதலிலேயே எடுத்துச் சொல்லப்பட்டால் பிற்பாடு எழும் பழிச்சொற்களில் பாதி குறையும்.

இடத்துக்கு அடுத்தபடியாக வகை. கொழுப்புச் செல்லின் சாயலை ஏறத்தாழ அப்படியே காத்துக்கொண்டு மெல்ல வளரும் கட்டியை நோயியல் அறிக்கைகள் வெல் டிஃபரன்ஷியேட்டட் என்று குறிக்கின்றன. இங்கு அது சாயல் மாறாத வகை எனப்படும். அந்தச் சாயலை இழந்து, வேகமாகப் பெருகும் செல்களைக் கொண்ட திடமான திசுவாக மாறியது டீடிஃபரன்ஷியேட்டட், அதாவது சாயல் இழந்த வகை. இதை ஒரு தனி நிலையாக 1979-இல் ஹாரி எவன்ஸ் என்ற அமெரிக்க நோயியலாளர் விவரித்தார். இவ்விரண்டுக்கும் மரபணு வேர் ஒன்றே. பன்னிரண்டாம் குரோமோசோமின் ஒரு பகுதி பல மடங்காகப் பெருகி, அதிலுள்ள எம்டிஎம்2, சிடிகே4 என்னும் இரண்டு மரபணுக்கள் அளவுக்கு மீறிச் செயல்படுகின்றன. முதலாவது, செல் கட்டுமீறிப் பெருகுவதைத் தடுக்கும் பி53 என்ற காவல் புரதத்தைச் செயலிழக்கச் செய்கிறது, இரண்டாவது செல் பிரிதலை முடுக்குகிறது. மூன்றாவதான மிக்ஸாய்டு வகை இவற்றோடு மரபணு உறவு இல்லாதது. இரண்டு மரபணுக்கள் இடம் மாறி ஒட்டிக்கொண்டு ஒரு புதிய புரதத்தை ஆக்குவதால் எழுவது, பெரும்பாலும் இளவயதினரின் தொடையில் தோன்றுவது. பிளியோமார்ஃபிக் எனப்படும் மிக அரிய, மிக வேகமான நான்காவது வகை இவ்வுரையின் எல்லைக்குள் வரவில்லை.

சாயல் மாறாத வகையைப் பற்றி ஒரு விந்தையான உண்மை உண்டு. அதே செல், அதே மரபணுப் பிழை கொண்ட கட்டி கை, கால்களில் இருந்தால் அதற்குப் புற்றுநோய் என்ற பெயரையே தவிர்த்து, இயல்பு பிறழ்ந்த கொழுப்புக் கட்டி என்று பொருள்படும் வேறு பெயரை நோயியலாளர்கள் இடுகிறார்கள். வயிற்றின் பின்னறையில் இருந்தால் அதை லைப்போசார்கோமா என்கிறார்கள். முன்னதை முழுதாக எடுத்துவிட முடிகிறது, எடுத்தபின் அது உயிரைப் பறிப்பது மிக அரிது. பின்னதை முழுதாக எடுப்பது கடினம், அது பத்து, இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்டால் ஏறக்குறைய எல்லாருக்கும் திரும்புகிறது. தன் சாயலை மாற்றிக்கொள்ளாதவரை இந்த வகை நுரையீரலுக்கோ கல்லீரலுக்கோ பரவுவதில்லை. ஆனால் திரும்பத் திரும்ப எழும்போது ஒரு கட்டத்தில் அதன் ஒரு பகுதி சாயல் இழந்த வகையாக மாறக்கூடும் என்பதே இதில் உள்ள அபாயம். சாயல் இழந்த வகை குறைந்தது நூற்றுக்கு நாற்பது பேருக்கு அதே பகுதியில் திரும்புகிறது. பதினைந்து முதல் இருபது பேருக்கு வேறு உறுப்புகளுக்குப் பரவுகிறது. எனவே வயிற்று லைப்போசார்கோமாவில் உயிரிழப்புக்குப் பெரும்பாலும் காரணமாவது, தொலைவில் முளைக்கும் புதிய கட்டியைவிட, பழைய இடத்திலேயே மீண்டும் மீண்டும் எழுந்து குடலையும் சிறுநீர்க்குழாயையும் நெருக்கும் கட்டியே.

தொடர் பரிசோதனையில் எடுத்த சி.டி. ஸ்கேனில் சந்தேகத்துக்குரிய ஒரு நிழல் தெரிந்ததும், உடனே அறுவை அறைக்கு நாள் குறிப்பது நோயாளிக்கும் உறவினருக்கும் ஆறுதலாகத் தோன்றும். மருத்துவ நோக்கில் அது பல நேரங்களில் அவசரம். முதலாவதாக, அது உண்மையில் திரும்பி வந்த கட்டிதானா என்று உறுதிசெய்ய வேண்டும்: பெரிய அறுவைக்குப் பின் காலியான இடத்துக்குக் குடலும் இயல்பான கொழுப்பும் நகர்ந்து வந்து அமர்வதால், சாயல் மாறாத வகையின் மீள்வரவையும் சாதாரணக் கொழுப்பையும் பிரித்தறிவது தேர்ந்த கதிரியலாளருக்கும் எளிதன்று, பழைய படங்களை வரிசையாக வைத்து ஒப்பிட்டால்தான் தெளிவு கிடைக்கும். இரண்டாவதாக, கொழுப்புப் போன்ற கறுத்த பகுதிக்குள் திடமான முடிச்சு ஏதும் தோன்றியிருக்கிறதா என்று பார்த்து, அந்த முடிச்சிலிருந்தே ஊசியால் பயாப்சி எடுக்க வேண்டும். முடிச்சை விட்டுக் கொழுப்புப் பகுதியில் ஊசி இறங்கினால், சாயல் இழந்துவிட்ட கட்டிக்குச் சாயல் மாறாதது என்ற தவறான ஆறுதல் அறிக்கை வந்துவிடும். மூன்றாவது, மார்பையும் சேர்த்து ஸ்கேன் செய்து பரவல் இல்லை என்று அறிவது.

இவற்றுக்குப் பின் கேட்க வேண்டிய கேள்வி வேகத்தைப் பற்றியது. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வு, வயிற்றுப் பின்னறையில் திரும்பிய லைப்போசார்கோமாவின் வளர்ச்சி வேகத்தை அளந்து, மாதத்துக்கு 0.9 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்த கட்டிகளைக் கொண்டவர்களுக்கு அறுவையால் கிடைத்த பலன் மிகக் குறைவு என்று கண்டது. மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் என்ற இந்த வரம்பு துல்லியமான சட்டம் இல்லையென்றாலும், அதன் பின்னுள்ள சிந்தனை ஆழமானது: அவ்வளவு வேகமாக எழும் கட்டி, கத்தி வெளியே வந்த சில மாதங்களில் மறுபடி எழும், அத்தகையவருக்கு முதலில் மருந்து கொடுத்துக் கட்டியின் குணத்தைப் பார்ப்பதே பொருந்தும். மாறாக, ஐந்தாறு ஆண்டுகள் கழித்து, மெல்ல வளரும் கொழுப்பு நிழலாகத் திரும்பிய கட்டியை மூன்று, நான்கு மாதங்களுக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துக் கவனித்துக்கொண்டே இருக்கலாம். தொந்தரவு தரும்போதோ, திடமான முடிச்சு தோன்றும்போதோ, இன்னும் தாமதித்தால் ஓர் உறுப்பை இழக்க நேரும் என்னும்போதோ அறுவை செய்யலாம். ஐரோப்பா, வட அமெரிக்கா ஆகிய பகுதிகளின் சார்கோமா மையங்கள் கூடி 2016-இல் வெளியிட்ட ஒருமித்த கருத்துரை, தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு இவ்வாறு காத்துக் கவனிப்பதையும் முறையான வழியாக ஏற்றுக்கொண்டது. காத்திருப்பதைக் கைவிடப்பட்டதாக எண்ணும் மனநிலை நம் குடும்பங்களில் ஆழமாக வேரூன்றியிருப்பதால், எதற்காகக் காத்திருக்கிறோம், எது நிகழ்ந்தால் காத்திருப்பு முடியும் என்ற இரண்டையும் மருத்துவர் முதல் நாளே சொல்லிவிடுவது மருந்துச் சீட்டு எழுதுவதற்குச் சற்றும் குறையாத கடமை.

அறுவையே உரியது என்று முடிவானால், இரண்டாம் அறுவை முதல் அறுவையைவிட எப்போதும் கடினமானது. முதல் முறையில் திசு அடுக்குகள் தெளிவாகப் பிரிந்து நிற்கும். இரண்டாம் முறையில் வடுக்களால் குடலும் கட்டியும் பின்னிப் பிணைந்திருக்கும், கட்டியும் ஒன்றாக இல்லாமல் பல முடிச்சுகளாகச் சிதறியிருக்கக்கூடும். இத்தாலியின் மிலான் நகரிலும் பாரிஸ் அருகிலும் இருந்த இரு அறுவைக் குழுக்கள் 2009-இல், கட்டியைத் தொட்டுக்கொண்டிருக்கும் சிறுநீரகம், பெருங்குடலின் ஒரு பகுதி, முதுகோரத் தசை ஆகியவற்றை, அவற்றில் நோய் வெளிப்படையாகத் தெரியாவிட்டாலும், முதல் அறுவையிலேயே சேர்த்து எடுப்பதால் உள்ளூர் மீள்வரவு குறைகிறது என்று தம் அனுபவத்தை வெளியிட்டன. நோயற்ற உறுப்புகளை இழக்கச் செய்வது தேவைதானா என்று அட்லாண்டிக்குக்கு அப்பாலிருந்து கடுமையான எதிர்ப்பும் எழுந்தது. அந்த விவாதம் முதல் அறுவையைப் பற்றியது. திரும்பிய நோயில் அதே அகலமான அறுவைக்கு அதே பலனை எதிர்பார்க்க முடியாது. ஒவ்வொரு மீள்வரவிலும் முழுமையாக அகற்ற முடியும் என்ற வாய்ப்பு சுருங்கிக்கொண்டே போகிறது. குடல் அடைப்பையோ தாங்க முடியாத பாரத்தையோ குறைப்பதற்காகக் கட்டியின் பெரும்பகுதியை மட்டும் எடுப்பது, சாயல் மாறாத மெதுவான வகையில் நிவாரணமாக அமையலாம். வேகமான வகையில் அது நோயாளியின் கடைசி மாதங்களை மருத்துவமனைப் படுக்கையில் கழிக்கச் செய்துவிடும். குணப்படுத்தவா, காலத்தை நீட்டவா, வேதனையைக் குறைக்கவா என்பதை அறுவைக்கு முன் வெளிப்படையாகச் சொல்லாத ஒப்புதல் படிவம் வெறும் கையெழுத்துத்தான்.

கதிர்வீச்சின் கதையும் இடத்தைப் பொறுத்து மாறுகிறது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஸ்டீவன் ரோசன்பர்க் குழுவினர் கை, கால் சார்கோமா உள்ள 43 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, 16 பேருக்கு உறுப்பை வெட்டியெடுத்தும் 27 பேருக்கு உறுப்பைக் காக்கும் அறுவையுடன் கதிர்வீச்சு கொடுத்தும் ஒப்பிட்ட ஆய்வு 1982-இல் வெளிவந்தது. உறுப்பைக் காத்த பிரிவில் நான்கு பேருக்குக் கட்டி அதே இடத்தில் திரும்பியது, வெட்டிய பிரிவில் ஒருவருக்கும் திரும்பவில்லை. ஆயினும் இரு பிரிவினரின் வாழ்நாளிலும் வேறுபாடு தென்படவில்லை. இடத்தில் திரும்புவது வேறு, உயிருக்கு ஆபத்தாவது வேறு என்ற பாடத்தை, கை, கால் நோயைப் பொறுத்தவரை, இந்தச் சிறிய ஆய்வு ஆழமாகப் பதித்தது. இன்று தொடையில் கட்டி திரும்பினாலும் காலை இழக்க வேண்டியவர் சிலரே. முதல் முறை கதிர்வீச்சு பெறாதவருக்கு இம்முறை அது கொடுக்கப்படும். பெற்றவருக்கு மறுபடி கொடுப்பது தோலும் நரம்பும் எலும்பும் தாங்குமா என்பதை எடைபோட்டே முடிவாகும். வயிற்றிலோ நிலைமை வேறு. 266 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2020-இல் வெளியான ஸ்ட்ராஸ் ஆய்வு, முதல் அறுவைக்கு முன் கதிர்வீச்சு கொடுத்ததால் வயிற்றில் நோய் மீளாத காலம் நீளவில்லை என்று காட்டியது; கூடுதல் பகுப்பாய்வுகளில் லைப்போசார்கோமாவின் மெதுவான வகைகளுக்குச் சிறிது பயன் இருக்கலாம் என்ற குறிப்பு மட்டும் எஞ்சியது. திரும்பிய நோய்க்கு இந்த ஆய்வை நேராகப் பொருத்துவதும் சரியாகாது, ஏனெனில் அது முதல் முறை நோயாளிகளை மட்டுமே சேர்த்தது.

மிக்ஸாய்டு வகை திரும்பும் விதம் தனித்தன்மை உடையது. பொதுவாகச் சார்கோமா பரவும்போது முதலில் நுரையீரலைத் தேடிப் போகும். இது பல நேரங்களில் நுரையீரலை விட்டுவிட்டு முதுகெலும்பு, மறு தொடை, அக்குள், வயிற்றுப் பின்னறை எனக் கொழுப்புள்ள இடங்களிலும் எலும்பு மஜ்ஜையிலும் எழுகிறது. எலும்பு ஸ்கேனிலும் பெட் ஸ்கேனிலும் இது பல நேரங்களில் தப்பிவிடுவதால், முதுகெலும்பு முழுவதையும் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பதே நம்பகமானது. தொடைக் கட்டி எடுத்து ஆண்டுகள் கடந்தபின் வரும் முதுகுவலியைத் தேய்மானம் என்று ஒதுக்கக் கூடாது. வயிற்றின் பின்னறையில் மிக்ஸாய்டு கட்டி காணப்பட்டால் அது அங்கேயே பிறந்தது என்று முடிவுசெய்வதற்கு முன் கால்களைத் தடவிப் பார்க்க வேண்டும் என்பது இத்துறையின் பழைய எச்சரிக்கை. இவ்வகைக்கு ஒரு நற்செய்தியும் உண்டு: கதிர்வீச்சுக்கு மற்ற லைப்போசார்கோமாக்களைவிட நன்றாக இணங்குகிறது, மருந்துக்கும் அப்படியே.

அந்த மருந்துகளுள் குறிப்பிடத்தக்கது டிராபெக்டெடின். கரீபியக் கடலில் வாழும் எக்டினாசிடியா டர்பினாட்டா என்ற கடலுயிரியிலிருந்து முதலில் பிரித்தெடுக்கப்பட்ட இம்மருந்து, 51 மிக்ஸாய்டு நோயாளிகளைப் பற்றி 2007-இல் வெளியான அறிக்கையில் பாதிப்பேருக்குக் கட்டியைச் சுருங்கச் செய்தது. பலருக்கு அளவு குறைவதற்கு முன்பே ஸ்கேனில் கட்டியின் அடர்த்தி குறைந்தது, அதாவது கட்டி பெரிதாகவே இருக்கிறதென்று மருந்தை அவசரப்பட்டு நிறுத்தியிருந்தால் பலன் கைநழுவியிருக்கும். எல்லா லைப்போசார்கோமாவுக்கும், மென்தசையில் எழும் லியோமயோசார்கோமாவுக்குமாக நடந்த பெரிய ஆய்வில், பழைய மருந்தான டகார்பசினோடு ஒப்பிடும்போது நோய் கட்டுக்குள் நின்ற காலத்தின் இடைநிலை அளவு 1.5 மாதத்திலிருந்து 4.2 மாதமாக உயர்ந்தது. வாழ்நாள் மட்டும் இரு பிரிவிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. இடைநிலை அளவு என்பது பாதிப்பேர் அதற்குள்ளும் மறு பாதிப்பேர் அதைத் தாண்டியும் நிற்கும் புள்ளி. கடற்பஞ்சில் கண்ட ஒரு பொருளை முன்மாதிரியாகக் கொண்டு ஆக்கப்பட்ட எரிபுலின் இதற்கு நேர்மாறானது: 2016-இல் வெளியான ஆய்வில் அது நோயை நிறுத்திவைத்த காலம் அதிகம் நீளாவிட்டாலும், லைப்போசார்கோமா உள்ளவர்களின் வாழ்நாள் இடைநிலை டகார்பசினில் 8.4 மாதமாகவும் எரிபுலினில் 15.6 மாதமாகவும் இருந்தது. ஸ்கேனில் தெரியும் வெற்றியும் வாழ்நாளில் தெரியும் வெற்றியும் ஒன்றையொன்று தொடர்ந்தே வரும் என்ற எண்ணத்தை இவ்விரு ஆய்வுகளும் கலைத்துவிடுகின்றன.

ஆயினும் அறுவைக்கு இடமில்லாத நோயில் முதலில் கொடுக்கப்படுவது இன்றும் டாக்ஸோரூபிசின்தான். அதனோடு இஃபோஸ்ஃபமைடைச் சேர்த்தால் என்னாகும் என்று ஐரோப்பாவில் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், கட்டி சுருங்கியவர்கள் நூற்றுக்கு 14 பேரிலிருந்து 26 பேராக உயர்ந்தனர், வாழ்நாள் இடைநிலை 12.8 மாதத்துக்கும் 14.3 மாதத்துக்கும் இடையில் உறுதியான வேறுபாடு இல்லாமல் நின்றது, நச்சு விளைவுகளோ கூடின. ஆகவே கட்டியைச் சுருக்கினால் அறுவை சாத்தியமாகும் என்ற நிலையிலோ, நெருக்கடியால் உடனடி நிவாரணம் தேவைப்படும் நிலையிலோ இரண்டையும் சேர்ப்பதும், மற்றவர்களுக்கு ஒன்றோடு நிறுத்திக்கொள்வதும் நியாயமானவை. டாக்ஸோரூபிசின் இதயத் தசையைப் பாதிப்பதால் ஆயுள் முழுவதற்குமான மொத்த அளவுக்கு ஒரு வரம்பு உண்டு. முதல் சிகிச்சையில் அதைப் பெற்றவருக்குத் திரும்பிய நோயில் மிச்சம் எவ்வளவு என்று கணக்குப் பார்க்க வேண்டியிருப்பதால், பழைய டிஸ்சார்ஜ் சுருக்கத்தைப் பத்திரமாக வைத்திருப்பது நோயாளியின் கையிலுள்ள எளிய பாதுகாப்பு. இவற்றுக்கு அப்பால் சாயல் மாறாத வகை கீமோதெரபிக்கு இணங்குவது மிகவும் குறைவு என்பதையும் சொல்லாமல் விட முடியாது.

எம்டிஎம்2-வும் சிடிகே4-உம் அடையாளம் தெரிந்த குற்றவாளிகளாக இருப்பதால் அவற்றைக் குறிவைக்கும் மருந்துகள்மீது பெரும் நம்பிக்கை எழுந்தது இயல்பே. சிடிகே4-ஐத் தடுக்கும் பால்போசிக்லிப் கட்டியைச் சுருக்குவது அரிதானாலும், சிலருக்கு வளர்ச்சியை நீண்ட காலம் மந்தப்படுத்துகிறது; மாத்திரையாக எடுத்துக்கொண்டு வீட்டிலிருந்தபடியே கழிக்கக்கூடிய அந்தக் காலத்தின் மதிப்பு குறைந்ததன்று. எம்டிஎம்2-வைத் தடுக்கும் மிலாடெமட்டானோ, தொடக்க ஆய்வுகளில் காட்டிய பொலிவைப் பெரிய ஒப்பீட்டு ஆய்வில் காட்டத் தவறியது. சார்கோமா வரலாற்றில் இது முதல் ஏமாற்றம் இல்லை. ஒலராட்டுமாப் என்ற மருந்து 133 பேர் கொண்ட ஆய்வில் வாழ்நாளை ஏறக்குறைய ஓர் ஆண்டு நீட்டியதாகக் கண்டு 2016-இல் அமெரிக்காவில் விரைவு அனுமதி பெற்றது. 509 பேர் கொண்ட அடுத்த ஆய்வில் அந்த நீட்சி காணாமல் போனதால் 2019-இல் அது கைவிடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் அதை நம்பி நிலத்தையும் நகையையும் விற்றவர்கள் எந்த நாட்டிலும் இருந்திருக்கக்கூடும். அரிய நோயில் சிறிய ஆய்வுகளைத் தவிர வேறு வழியில்லை என்பதும், சிறிய ஆய்வு எளிதில் ஏமாற்றும் என்பதும் ஒருங்கே உண்மை. ஆகவே புதிய மருந்துக்கான ஆய்வில் பங்கேற்பது நல்ல வழி, அதே மருந்தை ஆய்வுக்கு வெளியே பெரும் பணம் கொடுத்து வாங்குவது பெரும்பாலும் நல்ல வழியாக இருப்பதில்லை.

நோயின் போக்கைப் பற்றி அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் எண்கள் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங்கில் 1982 முதல் 1997 வரை சேர்ந்த 500 வயிற்றுப் பின்னறைச் சார்கோமா நோயாளிகளிடமிருந்து வந்தவை: வாழ்நாள் இடைநிலை முதல் முறை நோயில் 72 மாதம், அதே இடத்தில் திரும்பிய நோயில் 28 மாதம், பரவிய நோயில் 10 மாதம். இவற்றை வாசிப்பவர் மூன்று செய்திகளை நினைவில் கொள்ள வேண்டும். இந்த 28 மாதத்துக்குள் எல்லாச் சார்கோமா வகைகளும், மெதுவானவையும் வேகமானவையும், முழுதாக அகற்ற முடிந்தவர்களும் முடியாதவர்களும் கலந்திருக்கிறார்கள். சாயல் மாறாத லைப்போசார்கோமா திரும்பியவர்களில் பலர் இரண்டு, மூன்று அறுவைகளுக்குப் பிறகும் பத்தாண்டுகளைக் கடப்பதும், சாயல் இழந்த உயர்தர, அதாவது வேகமாகப் பெருகும் செல்களைக் கொண்ட, வகை ஆறே மாதத்தில் திரும்பியவர் ஓர் ஆண்டைக் கடக்கப் போராடுவதும் அந்த ஒரே எண்ணுக்குள் மறைந்துகிடக்கின்றன. தவிர, ஸ்கேன் தரமும் அறுவை முறையும் அன்றிருந்ததிலிருந்து மாறிவிட்டன. இறுதியாக, அது பெரிய சிறப்பு மையத்தின் எண். சார்கோமாவை ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் காணும் மருத்துவமனைக்கு அது பொருந்தும் என்று எவரும் உறுதி தர முடியாது. கட்டியின் வகை, தரம், முதல் அறுவைக்கும் மீள்வரவுக்கும் இடைப்பட்ட காலம், முடிச்சுகளின் எண்ணிக்கை, முழுதாக அகற்ற முடிந்ததா என்பது ஆகிய செய்திகளைத் தனியொருவருக்காக ஒன்றுசேர்த்துக் கணிக்கும் கணக்கீட்டு வரைபடங்கள் இன்று உள்ளன. அவையும் நிகழ்தகவைத்தான் தருகின்றன.

வலி, பசியின்மை, கால் வீக்கம், தூக்கமின்மை ஆகியவற்றைக் கையாளும் வலிநிவாரணக் குழு இந்நோயில் கடைசி வாரங்களுக்கென்று ஒதுக்கப்பட வேண்டியதில்லை. நோய் திரும்பியது தெரிந்த நாளிலிருந்தே, அறுவைக்கும் மருந்துக்கும் பக்கத்தில் அது செயல்படலாம். பத்தாண்டு மெல்ல நகரும் நோயோடு வாழ்பவருக்கு, ஒரு சிறுநீரகத்தை இழந்தபின் இரத்த அழுத்தத்தைக் கவனிப்பதும், குடலின் ஒரு பகுதி போனபின் உணவை ஒழுங்குபடுத்துவதும் புற்றுமருந்துக்கு நிகரான பயன் தருகின்றன. இரண்டாம் அறுவை வெற்றியாக முடிந்தாலும் பரிசோதனை நிற்பதில்லை: உயர்தர வகைக்கு முதல் இரண்டு, மூன்று ஆண்டுகள் மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை, ஐந்தாம் ஆண்டு வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை என்பது பொதுவான நடைமுறை. மற்றப் புற்றுநோய்களில் ஐந்தாம் ஆண்டு முடிந்ததும் கோப்பை மூடும் பழக்கம் வயிற்று லைப்போசார்கோமாவுக்குப் பொருந்தாது. பதினைந்தாம் ஆண்டில் எடுத்த சி.டி. ஸ்கேனையும் முதல் ஆண்டின் படத்தோடு வைத்துப் பார்க்க வேண்டியிருப்பதால், ஊர் மாறினாலும் மருத்துவர் மாறினாலும் பழைய படங்களின் குறுந்தகடும் நோயியல் பெட்டகத்திலுள்ள, திசு பதித்த மெழுகுத் துண்டுகளும் எங்கே இருக்கின்றன என்பது குடும்பத்தில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.